பெற்றோருக்கு உரிய இடம்



நான் இன்று ஒரு தேர்தலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 2026 ஜனவரி 15 அன்று மும்பை மாநகராட்சிக்கு நடந்த தேர்தலைச் சொல்லவில்லை. அதைப் பற்றி ரயிலிலும் டீக்கடையிலும் பேசித் தீர்த்துவிட்டோம். நான் சொல்வது சுவரொட்டி இல்லாத, ஊர்வலம் இல்லாத ஒரு தேர்தல். ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளியிலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோரைக் கூட்டி, அவர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதைப் பள்ளி மேலாண்மைக் குழு என்கிறார்கள். இங்கே 'ஷாலா வியவஸ்தாபன் சமிதி'. தாராவிப் பெண்கள் வெறுமனே 'சமிதி' என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவுதான் சமிதியை உண்டாக்கியது. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். மகாராஷ்டிரத்தில் ஒரு சமிதிக்கு 12 முதல் 16 பேர், தலைவர் பெற்றோரில் ஒருவர், தலைமையாசிரியர் செயலர். மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். கூட்டத்தில் பேசியதை எழுதி வைத்து, கேட்பவருக்குக் காட்ட வேண்டும்.

இந்தத் தேர்தலில் நிற்க என்ன தகுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வைப்புத் தொகை இல்லை. கட்சிச் சீட்டு வேண்டாம். படிப்புச் சான்றிதழும் கேட்பதில்லை. உங்கள் பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தாராவியில் எத்தனையோ வீடுகளில் வாக்காளர் அட்டை இன்னும் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ கிடக்கிறது. அந்தத் தாய்க்கு மாமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. 2000 ஜனவரி 1-க்குப் பின் வந்து குடியேறிய குடும்பத்துக்கு மறுசீரமைப்புத் திட்டத்தில் தாராவிக்குள் இலவச வீடும் இல்லை. ஆனால் சமிதியில் அவளுக்கு இடம் உண்டு, தலைவராகவும் வரலாம். இந்த மாநகரத்தில் குடியேறிய ஓர் ஏழைத் தமிழ்ப் பெண்ணுக்குச் சட்டம் வேறு நிபந்தனை இல்லாமல் போட்டுக் கொடுத்த நாற்காலி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதை நாம் காலியாக விட்டிருக்கிறோம் என்பதே என் வருத்தம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அதன் பிறகு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இந்த ஊரில் கார்ப்பரேட்டர் கிடையாது, மாநகராட்சியின் கல்விக் குழுவும் கிடையாது. 227 இடங்களும் காலி, அதிகாரிகளே எல்லாம். அந்த நான்கு ஆண்டுகளில் மாநகராட்சிப் பள்ளிகளை நடத்தும் ஏற்பாட்டில், மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் உட்கார்ந்திருந்த இடம் சமிதி மட்டுமே. அதன் அருமை அப்போதுகூட நமக்கு உறைக்கவில்லை.

மும்பையில் கட்டாயத் தொடக்கக் கல்வியை 1925-இல் கொண்டுவந்தபோது, முதலில் தேர்ந்தெடுத்தவை எஃப், ஜி என்ற இரண்டு வட்டாரங்கள். இன்றைய மாட்டுங்கா எஃப் வடக்கில் இருக்கிறது. தாராவி ஜி வடக்கில் இருக்கிறது. அதாவது, நூறு ஆண்டுகளுக்கு முன் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தாக வேண்டும் என்ற முயற்சி இந்த நகரத்தில் தமிழர்களாகிய நம் தெருக்களை ஒட்டித்தான் தொடங்கியது. அந்தக் காலச் சட்டங்கள் பெற்றோரைச் சந்தேகத்தோடு பார்த்தன. பிள்ளையை அனுப்பாவிட்டால் நோட்டீஸ், அபராதம் என்பதே அவற்றின் போக்கு. அதே பெற்றோரை 2009-ஆம் ஆண்டின் சட்டம் பள்ளியின் கணக்கைப் பார்க்கும் இடத்தில் உட்கார வைத்தது. எவ்வளவு பெரிய மாற்றம்!

வெளிநாட்டில் இது புதிதல்ல. இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் ஊருக்கு ஊர் பள்ளி வாரியங்களை உண்டாக்கியது. அந்த வாரியங்களுக்குப் பெண்களும் நிற்கலாம் என்று இருந்தது. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடப் பெண்கள் 1918 வரை காத்திருந்த நாடு அது. 1870 நவம்பரில் நடந்த முதல் லண்டன் தேர்தலிலேயே மருத்துவர் எலிசபெத் காரெட்டும் எமிலி டேவிஸும் வென்றார்கள். மேரில்போன் தொகுதியில் காரெட்தான் முதலிடம். அந்தத் தேர்தலில் ஒரு நல்ல முறை இருந்தது. தொகுதியில் எத்தனை இடமோ அத்தனை ஓட்டு ஒவ்வொருவருக்கும். வேண்டுமானால் அத்தனையையும் ஒரே ஆளுக்குப் போடலாம். எண்ணிக்கையில் சிறிய கூட்டத்தாரும் சேர்ந்து நின்றால் தங்கள் ஆளை உள்ளே அனுப்ப முடிந்தது. பல மொழிக்காரர்கள் ஒரே பள்ளிக் கட்டடத்தைப் பகிர்ந்துகொள்ளும் நம் ஊரில் இதை யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் இன்றும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள். பெரும்பாலும் வாரியத்தைத் தேர்தலில்தான் அமைக்கிறார்கள். கூட்டம் திறந்த அவை. எந்தப் பெற்றோரும் மைக் முன்னால் நின்று சில நிமிடம் பேசலாம். அங்கே சில ஊர்களில் பாடப்புத்தகத்துக்காக நள்ளிரவு வரை சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஆனால் அங்கே கூடம் நிரம்பியிருக்கிறது.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். சமிதி என்றாலே குடியரசு தினத்துக்கு மிட்டாய் வாங்குவது, ஆண்டு விழாவுக்கு மேடை போடுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டத்தின் 22-ஆம் பிரிவைப் படியுங்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைச் சமிதி தீட்ட வேண்டும். அரசும் உள்ளாட்சியும் அந்தப் பள்ளிக்குப் போடும் திட்டத்துக்கும் ஒதுக்கும் நிதிக்கும் அதுவே அடிப்படையாக இருக்க வேண்டும். விதிகள் இன்னும் விவரமாகச் சொல்கின்றன: மூன்று ஆண்டுத் திட்டம், ஆண்டுக்கு ஒன்றாக மூன்று பகுதி. எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் கூடுதலாக வேண்டும், என்ன அறை, என்ன கருவி, எவ்வளவு பணம், எல்லாம் அதில் வர வேண்டும். தலைவரும் செயலரும் கையெழுத்துப் போட்டு, நிதியாண்டு முடிவதற்குள் அனுப்ப வேண்டும்.

இதைத் தமிழ்வழி வகுப்போடு சேர்த்துப் பாருங்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. இது சாதாரணப் பெருமை இல்லை. அந்தத் தமிழ் வகுப்புகளில் சேர்க்கை குறைகிறது என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் பணியிடம் போகிறது. ஆசிரியர் இல்லாததால் இருக்கும் பிள்ளைகளையும் பெற்றோர் வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள். இந்தச் சுழலை எங்கே அறுப்பது? அந்தப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில்தான் அறுக்க வேண்டும். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர் இருந்தாக வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்லி வருகிறது. இந்த மூன்றையும் எழுதி, நம் தெருவில் அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வரப் போகும் பிள்ளைகளின் பட்டியலையும் வீடு வீடாக எடுத்துச் சேர்த்து, சமிதித் தலைவர் கையெழுத்தோடு கல்வித் துறையின் பீட் ஆபீசரிடம் கொடுத்து இன்வர்டு நம்பர் வாங்கிவிட்டால், அந்தக் காகிதத்துக்கு மாநகராட்சி பதில் சொல்லியாக வேண்டும். நம் சங்கங்களில் கைதட்டி நிறைவேற்றும் தீர்மானங்களுக்கு இந்த வலு கிடையாது. சங்கங்களைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. சங்கத்தில் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியாவது அந்த அறைக்குள் போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் நேரில் இருந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரே கட்டடத்தில் கீழே ஒரு மொழி, மேலே ஒரு மொழி என்று இயங்கும் பள்ளி. மூன்றாம் வகுப்பு அறையில் சிறு பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அஜெண்டாவில் ஆண்டு விழா இருந்தது, சீருடை இருந்தது. மாநகராட்சி இலவசமாகத் தரும் 27 பொருட்களில் எது வந்தது, எது வரவில்லை என்று தலைமையாசிரியை வாசித்தார். எல்லாம் முடிந்து 'வேறு ஏதாவது' என்று கேட்டபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தாய் எழுந்தார். நெல்லைப் பக்கத்துக்காரர், காலையில் இட்லிப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்.

"டீச்சர், எம்புள்ள காலைல வீட்ட விட்டு வந்தா திரும்ப வார வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேங்கா. என்னட்டின்னு கேட்டா கக்கூஸ் கதவுல தாழ்ப்பா இல்லங்கா."

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. "அதுக்குத் தனி ஹெட் இல்லைம்மா, எழுதிப் போட்டிருக்கேன்" என்றார். அந்தத் தாய் உட்காரவில்லை. "தாழ்ப்பா என்ன வெல டீச்சர்?" என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்போது பக்கத்திலிருந்த இன்னொரு உறுப்பினர், சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்தின் மானியக் கணக்கை எடுத்துப் பார்க்கலாமே என்றார். மாணவர் எண்ணிக்கை 100-க்கு மேல் 250-க்குள் இருக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றும், அதில் 10 விழுக்காடாவது தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்றும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. ஆக, ஹெட் இருந்தது. பார்க்கச் சொல்ல ஆள்தான் இல்லாமல் இருந்தது.

பிறகு பதிவேடு வந்தது. எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாய் பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் சொன்னது இதுல எழுதிருக்கா? வாசிச்சுக் காட்டுங்க" என்றார். அது இல்லை. இரண்டு வரி சேர்த்து எழுதினார்கள், வாசித்தார்கள், அதன் பிறகுதான் கையெழுத்து. அந்த வாரமே கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது.

சமிதி உறுப்பினருக்கு ஒரே ஒரு பயிற்சிதான் தர முடியும் என்றால், வாசித்துக் காட்டாத பதிவேட்டில் கையெழுத்துப் போடாதே என்பதைத்தான் சொல்லித் தருவேன். ஏனென்றால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. கூட்டமே நடக்காமல் வீட்டு வாசலுக்குப் பதிவேடு வருகிறது. துவைத்துக்கொண்டிருந்த ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். மேலே என்ன எழுதப்போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. டீச்சரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். பிள்ளையைப் பழிவாங்கிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது தனியாக இருப்பதால் வருவது. இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் பாதி போய்விடும்.

மொழியும் ஒரு தடை. சுற்றறிக்கை மராத்தியில் வரும். அதிகாரி வந்தால் இந்தியிலோ மராத்தியிலோ பேசுவார். 2020-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்த மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். நம் பிள்ளைகள் அதை நன்றாகவே படிக்கிறார்கள். நோட்டீஸைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் புரியாவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்ப் பள்ளியில் அதைச் செய்ய ஆளா இல்லை?

நேரம் அடுத்த பிரச்சினை. வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால், செம்பூரில் நாலு வீட்டில் வேலை செய்யும் பெண் எப்படி வருவாள்? கூட்ட நேரத்தைச் சமிதியே முடிவு செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் இதை ஓரளவு நேர்செய்தார்கள். 2022-இல் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற இயக்கத்தோடு அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள். அப்போது 20 பேரில் 15 பேர் பெற்றோர்; தலைவர் பெண். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கூட்டம் என்று வைத்ததால், எந்த ஊரிலும் யாரும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாமல் போனது. அங்கும் எல்லாக் குழுவும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாள் தெரிந்த கூட்டத்துக்குத்தான் ஆள் வருவார்கள். நம் சமிதிகளும் ஒரு நாளை நிலையாக வைத்துக்கொள்ள முடியும். அதற்கு மாநிலத் தலைமைச் செயலகமான மந்திராலயத்துக்குப் போக வேண்டியதில்லை.

மும்பைத் தமிழர் பள்ளிக்குக் கொடுப்பதில் குறை வைத்தவர்கள் அல்லர். 1932-இல் மாட்டுங்காவில் எம்.வி. வெங்கடேஸ்வரன் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கியபோது, வேலை தேடி வந்த குமாஸ்தாக்களின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற கவலைதான் பின்னால் இருந்தது. தாராவியில் காமராஜர் பெயரால் பள்ளி நிற்கிறது. அந்தக் காமராஜர் காலத்தில்தான் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார்; மணியும் பெஞ்சும் நிலமும் ஊரார் கொடுத்தார்கள். கொடுப்பது நம் இரத்தத்தில் இருக்கிறது. கொடுத்த பிறகு கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் கூடவே இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியில் செலவாவது நம் வரிப் பணம். அங்கே கேட்காமல் இருப்பதுதான் குறை.

மாட்டுங்கா, செம்பூர் நண்பர்கள், எங்கள் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளியில் இல்லையே என்று நினைக்கலாம். உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் சமிதி ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 2012-ஆம் ஆண்டின் திருத்தம் ஆக்கிவிட்டது. நம் மொழிச் சிறுபான்மை நிறுவனங்கள் இதில் வருகின்றன. ஆலோசனை சொல்லும் இடத்தையும் நான் சிறிதாக எண்ணவில்லை. கேள்வி குறிப்பேட்டில் ஏறினால் நிர்வாகம் அதைத் தாண்டிப் போவது கடினம். தனியார் பள்ளிகளில் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் 2011-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் செயற்குழுவுக்குப் பெற்றோரைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். நிர்வாகம் கட்டணத்தை உயர்த்த நினைத்தால் அந்தக் குழுவின் முன் வைக்க வேண்டும். குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தால்தானே சீட்டு விழும்?

தாராவியைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். மறுசீரமைப்பு தொடங்கிவிட்டது. யாருக்கு எங்கே வீடு என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிள்ளைகள் இடைக்காலத்தில் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்று அதே குரலில் கேட்பவர் குறைவு. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், இதே நகரத்தில் ஜனதா காலனி என்ற குடியிருப்பைக் காலி செய்து மக்களைச் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். அங்கே போன தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்த கதையைச் சொல்வார்கள். தொடக்கப் பள்ளி குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு குடும்பம் முலுண்டுக்கோ தேவ்னாருக்கோ போனால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ்வழி மூன்றாம் வகுப்பு எங்கே? இந்தக் கேள்வியை, பிள்ளைகளின் எண்ணிக்கையோடும் வகுப்போடும் முகவரியோடும், இடிப்பதற்கு முன்பே எழுத்தில் வைக்கச் சட்டப்படி உரிமை உள்ள அமைப்பு தாராவிப் பள்ளிகளின் சமிதிகள்தான். அவை இன்று விழித்திருக்க வேண்டும்.

ஜூனில் பள்ளி திறக்கும். பெற்றோர் கூட்டமான பாலக் சபாவுக்கு நோட்டீஸ் வந்தால் வேலையை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துப் போங்கள். உங்கள் பள்ளிச் சமிதியின் இரண்டு ஆண்டு எப்போது முடிகிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அடுத்த தேர்வில் உங்கள் பெயரைக் கொடுங்கள். உங்களால் முடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவளோடு கூடப் போய் உட்காருங்கள். டிசம்பருக்குள் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதி முடியுங்கள். சட்டம் தெரிந்தவர்களும் மராத்தி தெரிந்தவர்களும் இந்த அரங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், சமிதி உறுப்பினர்களுக்கு எழுதிக் கொடுங்கள்.